அப்பா சொன்ன சண்டைப்படம்

முழங்கால் சொல்வழி கேட்காத வயதுக்கு வந்துவிட்டோம். படியேறும்போது கைப்பிடியைத் தேடுகிறோம். செற்றியிலிருந்து எழும்புவதற்கு முன் ஒரு தரம் பெருமூச்சு விட்டுக்கொள்கிறோம். இந்த நாங்கள்தான் ஒரு காலத்தில் அதே செற்றியின் முதுகில் ஏறி நின்று, இல்லாத எதிரியின் நெஞ்சில் உதைத்து, கீழ்வீட்டுக்காரரிடம் பேச்சு வாங்கியவர்கள் என்று பிள்ளைகளிடம் சொன்னால் சிரிக்கிறார்கள். நீங்கள் சிரிக்கமாட்டீர்கள். உங்களுக்கும் அப்படி ஒரு சண்டைப்படம் இருந்திருக்கும். வீடு வீடாகக் கைமாறி, கசெட்டின் கரை உடைந்து, பசைநாடா ஒட்டிய ஒரு படம்.

என்னுடைய படம் உப்பு விற்கும் ஒரு பெண்ணைப் பற்றியது. அதன் பெயர் எனக்குத் தெரியாது. கசெட்டின் மேல் சீன எழுத்தில் என்னவோ எழுதியிருந்தது. அப்பாவோடு வேலை செய்த வியட்நாம்காரர் ஒருவர் கொடுத்துவிட்டுத் திருப்பிக் கேட்கவே இல்லை. நாங்கள் அதை உப்புக்காரி படம் என்றோம்.

1987 குளிர்காலம். மெல்பேர்னின் டண்டினொங்கில் ரயில் பாதைக்குப் பக்கத்தில் ஒரு செங்கல் ஃபிளாட்டின் மேல்தளத்தில் இருந்தோம். வீட்டுக்கு ஒரே ஒரு ஹீற்றர். அதற்கு முன்னால் எப்போதும் அப்பாவின் வேலைச் சட்டை காயும். அப்பாவுக்குக் கார் உதிரிப்பாகம் செய்யும் தொழிற்சாலையில் இரவு வேலை. ஈரத்துணியும் கிரீசும் சேர்ந்து சூடாகும் அந்த மணம் எங்கே வந்தாலும் இன்றைக்கும் எனக்குப் பதினொரு வயதாகிவிடுகிறது. அம்மாவின் வயிற்றில் தம்பி. நாற்பதை எட்டும் வயதில் உண்டான பிள்ளை என்பதால் அம்மாவுக்குப் பிரஷர் ஏறிக்கிடந்தது. படி இறங்கக் கூடாது, யோசிக்கக் கூடாது, அதிர்ச்சியான எதையும் கேட்கக் கூடாது என்று டொக்டர் சொல்லியிருந்தார். நல்ல டொக்டர்தான். யோசிக்காமல் இருப்பது எப்படி என்பதையும் சொல்லித் தந்திருக்கலாம்.

அண்ணா மட்டும் ஊரில் நின்றான். உயர்தரப் பரீட்சையை எழுதிவிட்டு வருகிறேன் என்று சித்தப்பா வீட்டில் தங்கிவிட்டான். அவனுடைய விசா அலுவல் இங்கே நடந்துகொண்டிருந்தது. என் அறையில் அவனுக்கென்று ஒரு பழைய இரும்புக் கட்டில் வாங்கிப் போட்டிருந்தார்கள். அதில் நான் ஏறக்கூடாது. ஏறினால் ஸ்பிரிங் சத்தம் காட்டிக்கொடுத்துவிடும்.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பிறகு உங்களை அலைக்கழிக்க எனக்குத் தெம்பில்லை. அந்தக் குளிர்காலம் தொடங்கும்போதே அண்ணா இல்லை. சித்தப்பாவின் வீட்டு வளவுக்குள் ஷெல் விழுந்து போய்விட்டான். செய்தி கொழும்புக்கு வந்து, அங்கிருந்து தொலைபேசியில் கீழ்வீட்டு அங்கிளுக்கு வந்தது. அங்கிளும் அப்பாவும் ஒரே தொழிற்சாலை. வேலைக்குப் போகும் வழியில் காரை ஓரமாக நிறுத்திவிட்டு அங்கிள் சொன்னாராம். பிறகு இரண்டு பேரும் வேலைக்குப் போயிருக்கிறார்கள். பிள்ளை பிறக்கும்வரை அம்மாவுக்குச் சொல்வதில்லை என்று முடிவு. எனக்குச் சொன்னால் உளறிவிடுவேன், ஆகவே எனக்கும் இல்லை. ஊரில் தபால் ஒழுங்காக ஓடாத காலம். அவனிடமிருந்து ஒன்றும் வராததை யாரும் பெரிதாக எடுக்கவில்லை. பிள்ளைத்தாச்சிக்குச் சாவை மறைப்பது எங்கள் ஆட்களுக்குப் புதிதா என்ன? உங்கள் வீடுகளிலும் யாராவது யாருக்காவது மறைத்திருப்பார்கள்.

அம்மாவுக்குப் பொழுது போகட்டும் என்று அங்கிள் தன்னுடைய வீடியோ டெக்கை எங்கள் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்தார். சனிக்கிழமை மத்தியானம் அப்பா நித்திரையால் எழும்புவார். நான் கசெட்டோடு காத்திருப்பேன். அப்பா கதிரையில், நான் நிலத்தில். குசினிக்கும் ஹோலுக்கும் நடுவில் சுவரில்லை. அம்மா குசினியில் ஸ்டூல் ஒன்றில் இருந்து லீக்ஸ் வெட்டியபடி பார்ப்பார்.

படத்தில் ஆட்கள் சீனத்தில் கத்துவார்கள். கீழே வெள்ளை எழுத்தில் ஆங்கிலம் ஓடும். பள்ளிக்கூடத்தில் என்னை அப்போதுதான் ஆங்கிலம் புதிதாகப் படிப்போரின் வகுப்பிலிருந்து மேலே ஏற்றியிருந்தார்கள். நான் முதல் சொல்லை எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் அடுத்த வரி வந்துவிடும். ஆகவே அப்பாதான் வாசித்துத் தமிழில் சொல்வார். எப்போதும் ஒரு வசனம் பிந்தித்தான் சொல்வார். வில்லன் அடிபட்டு விழுந்த பிறகு "உன்னை விடமாட்டன் எண்டு சொல்லுறான்" என்பார்.

கதை இதுதான். உப்பு வள்ளத்தோடு போன அண்ணன் திரும்பி வரவில்லை. தங்கச்சி, உப்புச் சுமக்கும் காவுதடியைத் தோளில் வைத்துக்கொண்டு, அவனைத் தேடி ஆற்றோரமாக நடக்கிறாள். மறிப்பவர்களையெல்லாம் அந்தத் தடியாலேயே அடிக்கிறாள். ஒரு சாப்பாட்டுக் கடையின் மரப்படியில் நின்று ஒரு கூட்டத்தையே உருட்டிவிடுவாள் பாருங்கள், எனக்கு அதில்தான் உயிர். அதற்குப் பிறகு ஒரு ஒற்றைக்காது வள்ளக்காரன் வருவான். மழை பெய்யும். அவன் தலையைக் குனிந்துகொண்டு ஏதோ சொல்லுவான்.

"அப்பா, என்ன சொல்லுறான்?"

அப்பா செருமினார். அம்மாவிடம் தண்ணீர் கேட்டார். பிறகுதான் சொன்னார்.

"உன்ரை அண்ணன் மலைக்கு அங்காலை படிக்கிறானாம். படிப்பு முடிய வருவானாம்."

"பிறகேன் அவள் அழுறாள்?"

"சந்தோசத்திலை பிள்ளை."

கடைசிச் சண்டை முடிந்ததும் அவள் ஒரு கல்லுக்கு முன்னால் முழங்காலில் இருந்து கிண்ணத்திலிருந்து எதையோ ஊற்றுவாள். அண்ணன் வருகிற பாதையைக் கழுவுகிறாள் என்றார் அப்பா. அண்ணன் வராமலே படம் முடிந்துவிட்டது. எனக்குச் சரியான ஏமாற்றம்.

"அவன் ரெண்டாம் பாகத்திலை வருவான்," என்றார் அப்பா. குசினியில் அம்மா தண்ணீர்ப் பைப்பைத் திறந்து லீக்ஸ் கழுவிக்கொண்டிருந்தார்.

பிறகென்ன, கிழமைக்குக் கிழமை உப்புக்காரிதான். அப்பா அலுக்காமல் சொன்னார். கசெட் தேயத் தேய திரையின் கீழே கோடு விழுந்து எழுத்தை அரித்தது. அப்படியும் அந்த வள்ளக்காரன் பேச்சு மட்டும் அப்பாவுக்குத் தடங்கலில்லாமல் வந்தது. மலை, படிப்பு, வருவான். நான் அந்த இடத்தை அப்பாவோடு சேர்ந்து சொல்லவே பழகிவிட்டேன். அம்மா ஒருநாளும் எங்களோடு சேர்ந்து சொன்னதில்லை.

அந்த மாதங்களில் அப்பா மீன், இறைச்சி என்று மச்சம் சாப்பிடுவதை விட்டிருந்தார். வயிறு சரியில்லை என்றார். ரின்னில் அடைத்த மீன் குழம்பின் வாசத்துக்கு நான் பறப்பேன், அப்பா பருப்பில் பாணைத் தோய்த்துச் சாப்பிட்டுவிட்டு எழும்புவார். சாமிப் படத்துக்குக் கிட்டப் போவதில்லை. வெள்ளிக்கிழமைப் பூசைக்கு வாடகை மண்டபத்துக்கு அங்கிள் வீட்டார் போனால் எங்களுக்கு மட்டும் ஷிஃப்ட் குறுக்கே வந்துவிடும். சாவுத் தீட்டுள்ள துடக்கு வீடு என்று ஒருவருக்கும் சொல்லாமல் அந்த மனிதர் தனியாளாகத் துடக்குக் காத்திருக்கிறார்.

ஒருநாள் விடியக் காலையில் அங்கிளும் அப்பாவும் கடலுக்கு மீன்பிடிக்கப் போகிறோம் என்று வெளிக்கிட்டார்கள். இருவருக்கும் தூண்டில் பிடிக்கத் தெரியாது. புறப்படும்போது அம்மா ஃபிளாஸ்கில் தேத்தண்ணியும் ஒரு குளியல் துவாயும் பைக்குள் வைத்தார்.

"மீன் பிடிக்கத் துவாய் எதுக்கு அக்கா?" என்றார் அங்கிள்.

"குளிருக்கு," என்றார் அம்மா.

மத்தியானம் வெறுங்கையோடு வந்தார்கள். அப்பாவின் தலைமயிர் நனைந்து ஒட்டியிருந்தது. உதடு நீலம். மெல்பேர்ன் குளிரில் கடலில் தலைமுழுக்கு. அது அண்ணாவுடைய அந்தியேட்டி என்று, முப்பத்தோராம் நாளில் செய்ய வேண்டிய கிரியையை ஐயருமில்லாமல் இருவருமாகச் செய்துவிட்டு வந்தார்கள் என்று, நான் வளர்ந்த பிறகு அங்கிள் சொல்லித்தான் தெரியும். அன்றைக்கு எனக்கு மீன் இல்லையே என்று கோபம்.

எனக்கும் ஒரு வழக்கு வந்தது. பள்ளிக்கூடத்தில் ஒரு பெரிய பெட்டை என்னுடைய சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து மணந்து மூக்கைப் பொத்தினாள். நிலம் துடைக்கும் மொப் சுவரில் சாய்ந்திருந்தது. அதைத் தோளில் வைத்து, உப்புக்காரி நிற்கிற மாதிரி ஒற்றைக்காலில் நின்றேன். அடிக்கவில்லை. சும்மா சுழற்றினேன். அழுக்குத் தண்ணீர் நாலு பேரின் முகத்தில் தெறித்தது. அப்பா நித்திரைக் கண்ணோடு வந்து ரீச்சருக்கு முன்னால் நின்றார். மற்றப் பிள்ளைகள் பயப்படுகிறார்கள், இது தொடர்ந்தால் நடவடிக்கை எடுப்போம் என்று ரீச்சர் சொன்னது எனக்கே விளங்கியது. வீட்டுக்கு வந்து அப்பா அம்மாவிடம் சொன்னார்.

"பிள்ளை விளையாட்டிலை நல்ல கெட்டிக்காரியாம். ரீச்சர் கூப்பிட்டுச் சொன்னவ."

"அப்பிடியோ," என்றார் அம்மா. என்னுடைய நனைந்த சப்பாத்தைப் பார்த்தார்.

வசந்தத்தில் தம்பி சுகமாகப் பிறந்தான். அதற்குச் சில கிழமைகள் கழித்து அங்கிளையும் இன்னும் நாலைந்து பேரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு அப்பா அம்மாவிடம் சொன்னார். அறைக் கதவுக்கு இந்தப் பக்கம் நான் நின்றேன். அப்பா குழறி அழுதது கேட்டது. அம்மாவின் சத்தம் பெரிதாகக் கேட்கவில்லை. வந்த அன்ரிமார் குசினியில் நின்று கதைத்தார்கள். பெத்த வயிறு ஒரு பாட்டம் கத்த வேண்டாமோ, இது என்ன கல்லு மனம் என்றார்கள். அம்மா தம்பிக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன், அம்மா கொஞ்சம் இறுகின ஆள் என்று. கனகாலம் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

டெக் அங்கிள் வீட்டுக்குத் திரும்பிப் போனது. கசெட் வீடு மாறும்போது தொலைந்தது. இரும்புக் கட்டிலை யாரோ வந்து தூக்கிக்கொண்டு போனார்கள். நான் பெரிய பெட்டையான பிறகும் வீடியோக் கடைகளில் உப்புக்காரியின் இரண்டாம் பாகத்தைத் தேடினேன் என்றால் சிரிக்காதீர்கள். கடைக்காரப் பொடியன்களிடம் காவுதடி, ஆறு, ஒற்றைக்காது என்று அபிநயம் பிடித்துக் காட்டியிருக்கிறேன். ஒருவருக்கும் தெரியவில்லை. பிறகு கல்யாணம், வேலை, வீட்டுக்கடன், பிள்ளை. என் மகனுக்குச் சோறூட்டும்போது அந்தக் கதையைச் சொன்னேன். அப்பா சொன்ன மாதிரியே.

2009 தொடங்கியபோது அப்பா போய் இரண்டு வருடம். அம்மா எங்களோடு கிரான்பர்னில் இருந்தார். அந்த மாதங்கள் உங்களுக்கும் நினைவிருக்கும். வன்னிப் போரிலிருந்து வந்த படங்களைப் பார்த்தால் சாப்பாடு இறங்காது, பார்க்காமல் இருந்தால் நித்திரை வராது. எல்லாருமே களைத்துப்போயிருந்தோம். "உந்த ரிவியை நிப்பாட்டு பிள்ளை, எனக்கு ஏலாது," என்பார் அம்மா. நிப்பாட்டிய ரிவியைப் பார்த்துக்கொண்டே இருப்பார்.

அப்படியான ஒரு ஞாயிறு மத்தியானம், ஸ்பிரிங்வேல் சந்தைக்கு மரக்கறி வாங்கப் போன இடத்தில், ஒரு டிவிடிக் கடையில், அட்டைப் படத்தில் அவளைக் கண்டேன். தோளில் காவுதடி. கையிலிருந்த பைகளை அப்படியே நிலத்தில் வைத்துவிட்டேன். ஏதாவது வேறு சத்தம் வீட்டில் கேட்கட்டும் என்று வாங்கிக்கொண்டு வந்து போட்டேன். அம்மா ஒரு பக்கம், மகன் ஒரு பக்கம், நடுவில் நான்.

என்னத்தைச் சொல்ல. உப்புக்காரி பறக்கும்போது கம்பி தெரிந்தது. கூரையிலிருந்து விழுந்தது ஆளே இல்லை, உடுப்புப் போட்ட பொம்மை. மரப்படியில் உருண்டு செத்தவன் அடுத்த சண்டையில் புது மீசையோடு வந்து திரும்பச் செத்தான். மகன் விழுந்து விழுந்து சிரித்தான். பெரிய பொம்பிளை என்று நான் வாய் பார்த்த உப்புக்காரிக்கு இருபது வயதுகூட இருக்காது போல. கன்னத்தில் பிள்ளைக் கொழுப்பு. எனக்கு அதைப் பார்க்கவே அலுப்பாக, பாவமாக இருந்தது.

பிறகு மழை பெய்தது. வள்ளக்காரன் வந்தான். தலையைக் குனிந்தான். கீழே எழுத்து ஓடியது, இப்போது கோடில்லாமல், பளிச்சென்று. உன் அண்ணனை நான்தான் புதைத்தேன். கரையில் ஒரு கல் நட்டிருக்கிறேன். இனி அவனைத் தேடாதே.

நான் இரண்டாம் தரம் வாசிக்க நினைப்பதற்குள் அது போய்விட்டது. மலை எங்கே? படிப்பு எங்கே? அப்பா தண்ணீர் கேட்டது நினைவுக்கு வந்தது. அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அம்மாவின் கண் திரையிலேயே இருந்தது. இருந்த நிலைமையில் இதையும் அவர் தாங்கமாட்டார் என்று பட்டது. என் வாய் தானாகத் திறந்தது.

"அண்ணன் மலைக்கு அங்காலை படிக்கிறானாம் அம்மா. படிப்பு முடிய வருவானாம்."

மகன் என்னைப் பார்த்தான். "அம்மா, தட்ஸ் நாட் வாட் இட் செஸ். ஹீ இஸ் டெட்."

"ச்சூ, பேசாமல் இரு."

"அவனை ஏன் ஏசுறாய்? அவன் சரியாத்தான் சொல்லுறான்," என்றார் அம்மா. "எனக்கு வாசிக்கத் தெரியும் பிள்ளை. அண்டைக்கும் தெரியும்."

அம்மா கல்யாணத்துக்கு முன்னால் ஊரில் அரசாங்கக் கந்தோரில் ஆங்கிலத் தட்டெழுத்தாளர். இது எனக்குத் தெரியாததல்ல. இந்த நாட்டுக்கு வந்தபின் வாய் திறந்து ஆங்கிலம் பேச அவருக்குக் கூச்சம். கடைக்குப் போனாலும் டொக்டரிடம் போனாலும் அப்பாதான் பேசுவார். அதனால் அம்மாவுக்கு ஆங்கிலம் வராது என்று அப்பாவும் நானும் எங்களுக்குள் முடிவுகட்டிவிட்டோம். பேசக் கூச்சப்பட்டவர் வாசிக்க ஏன் கூச்சப்படப் போகிறார்?

படம் தன்பாட்டில் ஓடிக்கொண்டிருந்தது. அம்மா அதைப் பார்த்தபடியே சொன்னார்.

"லீக்ஸ் வெட்டிக்கொண்டிருந்தனான். நிமிந்தால், புதைச்சுப்போட்டன் எண்டு எழுத்து ஓடுது. அப்பா படிக்கிறான் எண்டுறார். படத்திலை செத்தவனை இந்த மனிசன் ஏன் உயிரோடை வைச்சிருக்குது எண்டு யோசிச்சன். அதோடை எல்லாம் விளங்கிச்சுது. மச்சம் விட்டது, சாமிப் படத்துக்குக் கிட்டப் போகாதது. என்ரை பெரியவன் போயிட்டான் எண்டு அண்டைக்குத்தான் எனக்குத் தெரியும்."

"பிறகு தெரிஞ்சுகொண்டுதான் துவாய் வைச்சனீங்களோ?"

"ஓம். குளிர்த் தண்ணியிலை முழுகிப்போட்டு ஈரத்தோடை வந்தால் அந்த மனிசனையும் நான் இழக்கிறதோ?"

"அப்பாவைக் கேட்டிருக்கலாமே அம்மா. ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே."

"என்னெண்டு கேக்கிறது? கிழமைக்குக் கிழமை உன்னைப் பக்கத்திலை வைச்சுக்கொண்டு இல்லாத கதையைச் சொல்லிக்கொண்டிருந்தவர். எனக்காண்டித்தானே. இவ்வளவு பாடுபட்டுப் பொய் சொல்லுற மனிசனை எப்பிடியம்மா நான் பிடிக்கிறது?"

"அப்ப, கடைசியா அவர் சொன்ன அண்டைக்கு?"

"புதுசாக் கேக்கிற மாதிரி அழவேண்டிக் கிடந்தது. எனக்கு வரேல்லை. சனம் கல்லு மனம் எண்டுதுகள். எண்டட்டும்."

எனக்கு வந்தது கோபம். அம்மாவில் அல்ல, அப்பாவிலும் அல்ல, அந்த வீட்டில் எல்லாரும் எல்லாரையும் இவ்வளவு கவனமாகப் பார்த்துக்கொண்டதில். ஒரு குளிர்காலம் முழுக்க ஒரே அறையில், கதிரையில் ஒருவரும் ஸ்டூலில் ஒருவருமாக, ஒரே சாவை ஆளுக்கொரு பக்கம் விழுங்கிக்கொண்டு இருந்திருக்கிறார்கள். நடுவில் நான் உதை பழகியிருக்கிறேன்.

"பிறகெண்டாலும், ஒருக்காவாவது, ரெண்டு பேரும் சேர்ந்து அழுதனீங்களா?"

அம்மா உண்மையாகவே நினைத்துப் பார்த்தார்.

"இல்லைப் பிள்ளை," என்றார். "அவர் என்னைக் காப்பாத்திக்கொண்டிருந்தவர். நான் அவரைக் காப்பாத்திக்கொண்டிருந்தனான். இதுக்குள்ளை பெரியவனுக்கெண்டு ஒருத்தரும் வடிவா அழேல்லை."

மகன் ரிமோட்டை எடுத்துப் படத்தை நிறுத்தினான். பட்டப்பகலில், பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படியாக, அம்மாவும் நானும் அண்ணாவுக்காக அழுதோம்.